மாமா எழுதிய சுவர்

பாறசாலையில் இன்று புதுப் பெயின்ட் வாடை அடித்ததும் சிரித்துவிட்டேன்.

என் மாமா தேர்தலுக்குச் சுவரெழுத்து எழுதுபவர். அவருக்குப் பெண் பார்க்கப் பொழியூருக்குச் சென்றபோது, சிறுமியான நானும் கூடப் போயிருந்தேன். தரகர் அவரை எழுத்தாளர் என்று சொல்லிவைத்திருந்தார்.

“என்னவாக்கும் எழுதியிருக்கிய?” என்று பெண்ணின் அப்பா ஆசையாகக் கேட்டார்.

மாமா கூசாமல் ஜன்னல் வழியே எதிர்ச்சுவரைக் காட்டினார். “அது நான் எழுதினதாக்கும்.” வேட்பாளர் பெயருக்குக் கீழே ‘எழுத்தாளர் தங்கப்பன்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்தது. காப்பி கொண்டுவந்த பெண் சொன்னாள்: “அதை நான் தெனமும் வாசிக்கேன் அப்பா. வேட்பாளர் பேருல ஓரெழுத்து விட்டுப்போச்சு. இவருக்க பேருல மட்டும் தப்பே இல்ல.”

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “முழுசா வாசிச்ச முதல் ஆளு நீயாக்கும்!”

இன்றும் மாமி வாசித்துச் சரி சொல்லாமல் மாமா சுவரிலிருந்து ஏணியை எடுப்பதில்லை.