எங்களுக்கு அதிகாரமில்லை

ஜெயந்தினிக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். பதினெட்டு வயதில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் தன் முதுகைக் குச்சியால் சீண்டிய கணக்கப்பிள்ளையைக் கூடையாலேயே அறைந்து மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுத்தியவள். அதற்காக இரண்டு மாதம் வேலை கொடுக்கவில்லை. "அடிச்சது தப்புதாங்க. ஆனா நல்லா இருந்துச்சு" என்பாள். மஸ்கெலியாவுக்கு மேலே அந்தத் தோட்டத்தில் அவளைக் கண்டு ஆண்கள் ஒதுங்கிப் போவார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்டியப்பன் மட்டும் ஒதுங்காமல் அவளையே கட்டிக்கொண்டான். அவன் வாயில்லாப் பூச்சி.

போன மழையில் மண் சரிந்து அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை வாரிக்கொண்டு போனது. மூன்று பேர் செத்தார்கள். மிஞ்சிய ஏழு குடும்பங்களும், தேயிலை காடாய்ப் போன ஒரு மேட்டில் பலகையும் தகரமும் வைத்துக் குடிசை போட்டன. எல்லாவற்றையும் பிரித்துவிடச் சொல்லித் தோட்டத்தை நடத்தும் துரை ஆளனுப்பினார். ஜெயந்தினிக்கு அந்தக் குடிசையை விட்டால் போக்கிடமில்லை.

இந்தத் தடவை அவள் கையை ஓங்கவில்லை. ஹட்டனில் ஒரு வக்கீலம்மா நடத்திய அரசியலமைப்பு வகுப்புக்கு நாலு ஞாயிறு போய்வந்திருந்தாள். கூட்டாட்சி நாட்டில் மத்திக்கு இன்னது, மாநிலத்துக்கு இன்னது என்று அரசியலமைப்பே பங்கு பிரித்துவிடும். ஒருவர் பங்கில் மற்றவர் நினைத்தபடி கைவைக்க முடியாது. அதைக் கேட்டு அவளுக்குப் புல்லரித்தது. நம்முடையதோ ஒற்றையாட்சி, எல்லாம் கொழும்பின் கையில். காணியும் போலீசும் மாகாணத்துக்கு என்று எழுதியிருக்கிறது, கைக்கு வந்து சேரவில்லை. மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தே வருஷக்கணக்காகிறது. "அப்ப ஏட்டுச் சுரைக்காய்னு சொல்லுங்கம்மா" என்றாள் ஜெயந்தினி.

ஆனாலும் படிப்படியாக ஏறி இறங்கினாள். பாதையும் தண்ணீரும்தான் எங்கள் வேலை, காணி இல்லை என்றது பிரதேச சபை. தோட்டக் காணி கொழும்புக்குச் சொந்தம், கம்பெனிக்குக் குத்தகை என்றது மாகாண அலுவலகம். போலீஸ் சார்ஜன்ட் கொட்டாவி விட்டார். "தோட்டத்துக்குள்ள நடக்கிறத துரைகிட்ட பேசு. எங்களுக்கு அதிகாரமில்ல."

கடைசியில் வக்கீலம்மா, திங்கட்கிழமை நீதிமன்றத்தில் தடை கேட்கலாம் என்று மனு எழுதிக் கொடுத்தாள். யாரிடமும் காட்டாதே என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஆனால் தோட்டத்தில் எந்தக் குறையும் முதலில் தொழிற்சங்கத் தலைவர் கைக்குப் போய், அவர் வழியாகத்தான் துரைக்குப் போகும். தலைமுறை வழக்கம். தலைவரை மீறினால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, ஜெயந்தினி மனுவைத் தலைவர் அழகுமுத்துவிடம் காட்டினாள். அவரும் வழக்கப்படி துரையிடம் காட்டினார். அந்த மனுஷனை நினைத்தாலே வயிறு எரிகிறது.

சனிக்கிழமை காலை எல்லோரும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலையேறிய பிறகு, துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை பத்து ஆட்களோடு மேட்டுக்கு வந்தான். காய்ச்சலில் படுத்திருந்த ஆண்டியப்பன் எழுந்து வாசலை மறித்தான். அலவாங்குக் கம்பியால் மண்டையில் போட்டார்கள். விழுந்தவனின் மேல் தகரத்தைத் தள்ளி, அதன்மேல் ஏறி மிதித்தார்கள்.

சத்தம் கேட்டு ஜெயந்தினி ஓடிவந்து தகரத்தைப் புரட்டினாள். இடது கண் இருந்த இடம் இரத்தக் கூழாய்க் கிடந்தது. உடைந்த பற்கள் நாக்கில் ஒட்டியிருந்தன. போலீசுக்குப் போன் போட்டாள். வாகனம் இல்லை, நேரில் வந்து முறைப்பாடு கொடு என்றார்கள். ஒரு மணி நேரம் அவன் அவள் மடியில் இழுத்துக்கொண்டு கிடந்தான். பிறகு மூச்சு நின்றது. அதுவரைக்கும் ஆட்கள் மற்றக் குடிசைகளைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"எந்திரிச்சுப் போ. கம்பெனி எடத்துல ஒக்கார ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்றான் சின்னத்துரை.

ஆண்டியப்பனின் கவ்வாத்துக் கத்தி பலகையில் சொருகியிருந்தது. அவள் அதை உருவி வீசினாள். முதல் வெட்டில் சின்னத்துரையின் வலது மணிக்கட்டு தோலில் தொங்கியது. இரண்டாவது வெட்டு தோளில் எலும்புவரை இறங்கியது. மூன்றாவதற்குள் ஆட்கள் அவளை அடித்துச் சாய்த்துவிட்டார்கள்.

பதினோரு நிமிஷத்தில் போலீஸ் ஜீப் வந்தது. அதே சார்ஜன்ட். சின்னத்துரையைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அவளுக்கு விலங்கு மாட்டினார். பிணத்தை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. தோட்டத்துக்குள் கிடப்பதால் அது தோட்டத்தின் பொறுப்பு என்றார் சார்ஜன்ட். அடிபட்டுச் செத்ததால் போலீசின் பொறுப்பு என்று துரை போனில் சொன்னார். பேசி முடிவாகும்வரை, பொழுது சாயும்வரை, ஆண்டியப்பன் மழையில் கிடந்தான்.