சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவள்

என் மேல் ஒரு வழக்கு இருந்தது. பொது இடத்தில் நின்றுகொண்டு ஆண்களை விபசாரத்துக்கு அழைத்ததாக வழக்கு. முன்பெல்லாம் இதைச் சொல்ல நாக்கு எழாது. இரண்டு வருஷம் வாய்தா வாய்தாவாகக் கூப்பிட்டதில் அதுவும் ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஆகிவிட்டது. யாராவது கேட்டால் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவேன்.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தின் கடைசியில் இருக்கிறது. ஊர் முடிகிற இடத்தில் ஒரு தார்ச்சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்கம் வரிசையாகச் சாராயக் கடையும் ஒயின் ஷாப்பும். அந்தப் பக்கம் ஒரு புளியமரம், மூடிக்கிடந்த பஞ்சர் கடை, அதற்கப்பால் கரும்பு. அவர்கள் குடிக்க இங்கே வருவார்கள். நாங்கள் கறி வாங்க அங்கே போவோம். மாநிலம் விட்டு மாநிலம் போகிறோம் என்று யாரும் நினைத்தது கிடையாது.

என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டினார். அவர் இறந்துபோனபோது மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். களை எடுத்தேன், கரும்பு வெட்டினேன். முதுகு ஒத்துழைக்காமல் போனபோது, கல்யாணங்களுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் ஒருவர் வரவேற்புக்கு நிற்க ஆள் வேண்டும் என்றார். ஒரே நிறத்தில் புடவை கட்டி, கொண்டை போட்டு, பூ வைத்து, மண்டப வாசலில் நாலு பெண்கள் நிற்போம். சந்தனம், குங்குமம், கல்கண்டு நீட்டவேண்டும். பன்னீர் தெளிக்கவேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் காரை விட்டு இறங்கினால் ஆரத்தி எடுக்கவேண்டும். சுமங்கலிதான் எடுக்கலாம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

மகளிடம் மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஊருக்கும் அதேதான். வெறும் நெற்றியோடு, மொட்டைக் கழுத்தோடு வீட்டை விட்டுக் கிளம்புவேன். சாலையைக் கடந்து பஞ்சர் கடைக்குப் பின்னால் போய்ப் பையைத் திறப்பேன். பொட்டு, பூ, ஒரு கவரிங் தாலிச்சரடு, கொஞ்சம் உதட்டுச் சாயம். ஐந்து நிமிஷத்தில் எனக்குப் புருஷன் வந்துவிடுவார். பிறகு புளியமரத்தடியில் வேனுக்காக நிற்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு வேன் தாமதம். வெயில்கூட இன்னும் இறங்கவில்லை. குடித்துவிட்டு வந்த ஒருவன் பைக்கை நிறுத்தி என்னமோ கேட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தபோதே ஜீப் வந்தது. அங்கே பெண்கள் நின்று கூப்பிடுவதாகப் புகார் வந்துகொண்டே இருந்ததாம், அதற்காகப் போட்ட தனிப்படையாம். அவனை விட்டுவிட்டார்கள். என்னை ஏறச் சொன்னார்கள்.

ஸ்டேஷனில் அதிகாரி புருஷன் பேரைக் கேட்டார். சொன்னேன். எங்கே வேலை என்றார். இறந்துவிட்டார் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். அப்புறம் கழுத்தைப் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் யாருக்கு?"

வாயைத் திறந்தால் நான் ஆரத்தி எடுத்த நாற்பது கல்யாணமும் வெளியே வரும். அவர் எழுதிக்கொண்டார். கையால் சைகை காட்டி அழைத்தேன் என்று எழுதியிருந்ததைப் பின்னால்தான் படித்தேன். தலையில் பூ, உதட்டில் சாயம் என்பதும் இருந்தது. அந்த இரண்டும் பொய்யில்லை.

ஒத்துக்கொண்டால் ஃபைனோடு முடிந்துவிடும், இதற்கெல்லாம் யாரும் அலைவதில்லை என்று அங்கேயே ஒருவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தார். மறுநாள், எனக்குத் தெரிந்த ஒரே வக்கீலிடம் போனேன். வில்லியனூரில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு ஒரு வரப்புத் தகராறில் வாதாடியவர். நிலத்து வழக்கைத் தவிர வேறொன்றும் அவர் எடுப்பதில்லை. என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அப்படித்தான் இருந்தது.

"ரோட்டுக்குக் கெழக்கால நின்னியா, மேக்கால நின்னியா?"

மேற்கே, புளியமரத்தடியில் என்றேன். ஒத்துக்கொள்ளக் கூடாது என்றார். ஒத்துக்கொண்டால் அது ஆயுசுக்கும் கூடவே வரும், நாளைக்குப் பெண்ணுக்கு ஓர் இடத்தில் பேசும்போது முதலில் வந்து உட்காரும் என்றார். அதைச் சொன்ன பிறகு நான் யோசிக்கவில்லை. மகள் அப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தாள். அங்கே லேபில் இருந்த பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், செல்லிப்பட்டுப் பக்கத்திலிருந்து அவன் அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார்கள். நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். வழக்கு விஷயம் தெரிந்தும் அவர்கள் ஒதுங்கவில்லை. முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வருஷமும் எனக்கு இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

வக்கீலிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். காண்ட்ராக்டர் வந்து, இவள் என் வேலைக்காகத்தான் நின்றாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். காண்ட்ராக்டரிடம் கேட்கப் போனேன். அவர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

"நான் வந்து சாட்சி சொன்னா, கல்யாணம் பண்ணவன் எல்லாம் என் சட்டையப் புடிப்பான்மா. எவ வூட்லயாச்சும் ஒரு குறைன்னா அதுக்கும் உன் ஆரத்திதான் காரணம்னுவா."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பேன். வக்கீலிடம் வந்து சொன்னேன். சரி, அவர் வேண்டாம், மரம் போதும் என்றார்.

மரமே போதுமாகத்தான் இருந்தது. போலீஸ் தாங்களே வரைந்து கொடுத்த படத்தில் நான் நின்ற இடம் புளியமரத்தடி என்று குறித்திருந்தார்கள். அந்தப் பக்கத்து கிராம நிர்வாக அதிகாரி சர்வே படத்தோடு வந்து கூண்டில் ஏறி, அந்த மரம் தன் ஊர்ப் புல எண்ணில் இருக்கிறது, தமிழ்நாடு என்றார். தனிப்படை அதிகாரிக்குப் புதுச்சேரிக்குள்தான் அதிகாரம். எங்களை மாதிரியே அவர்களும் யோசிக்காமல் சாலையைக் கடந்திருக்கிறார்கள். வக்கீல் வரப்பைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் அரை மணி நேரம் பேசினார். நான் சும்மா நின்றிருந்தேன். அவர் பேசியதில் நான் எங்குமே இல்லை.

விடுதலை என்றார்கள். அதிகாரமில்லாத இடத்தில் எடுத்த நடவடிக்கை செல்லாது, அதனால் மற்ற விஷயங்களுக்குள் போகத் தேவையில்லை என்று தீர்ப்பில் இருந்ததாக வக்கீல் படித்துச் சொன்னார். மற்ற விஷயம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"நீ கூப்டியா, கூப்டலயான்றது. அது எதுக்கு நமக்கு?"

அவருக்கு அன்று சந்தோஷம். எனக்கும் இருந்திருக்கவேண்டும். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா வந்தார்கள். தட்டில் பழம், பூ, ஒரு ஸ்வீட் பாக்ஸ். என்னை அண்ணி என்று கூப்பிட்டார்கள். மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவோரம் நின்றாள். வைகாசியிலேயே வைத்துக்கொள்ளலாம், மண்டபம் பார்க்கச் சொல்லியாகிவிட்டது என்றார்கள். ரொம்ப நேரம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்புகிற நேரத்தில், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத குரலில்தான் கேட்டார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. அன்னிக்கு நீங்க பூ வச்சிருந்ததா சொல்றாங்களே, அது இன்னாத்துக்கு?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பூவே வைக்கவில்லை, போலீஸ் எழுதிக்கொண்டது என்றால் அதோடு போயிருக்கும். எனக்கு அந்த நேரத்தில் பொய் எதுவும் தோன்றவில்லை. வேலையைச் சொன்னேன். வேனைச் சொன்னேன். வாசலில் நின்றதை, ஆரத்தி எடுத்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு லேசாவது தெரிந்தது.

அவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். பாதி காபி அப்படியே இருந்தது.

"கேஸு பொய்க்கேஸுன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும்மா. அத்த நாங்க ஒண்ணும் பெருசா எடுத்துக்கல. தாலி அறுத்தவ போயி பொண்ணு மாப்ளைக்கு ஆரத்தி எடுத்திருக்கியே. இத்த இன்னான்னு எடுத்துக்கறது?"

அண்ணி போய் அம்மா வந்துவிட்டதைக் கவனித்தேன். வேறெதுவும் தோன்றவில்லை. அவர்கள் தட்டை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்தபோது மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆரத்தி விஷயம் அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அழவில்லை. என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த ஏம்மா சொன்ன?"

"ரெண்டு வருஷத்துல அவங்க ஒருத்தங்கதான்டி கேட்டாங்க."

அவள் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். நான் டம்ளரைக் கழுவினேன். ஸ்பீக்கரில் மணி அடித்து அடித்து ஓய்வது சமையலறைக்குள் கேட்டது. மூன்று முறை போட்டாள். அந்தப் பையன் எடுக்கவில்லை.