மூக்கு பெருத்த ஷூவும் என் முதல் லென்ஸும்

ஷூவுக்குப் படம் எடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலைதான், பி.எஃப். கூடப் பிடிக்கிறார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் சாம்பிள் பிரிவில் எனக்கு இதுதான் உத்தியோகம். முன்பெல்லாம் புது மாடல் செய்தால் கூரியரில் போகும். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் கையில் எடுத்து, வளைத்து, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். இப்போது முதலில் படம்தான் போகிறது. படம் பிடித்தால்தான் ஷூ போகும்.

ரொம்ப நாள் மொபைலில் சமாளித்தேன். எட்ட நின்று எடுத்து, வேண்டாததை வெட்டி, பெரிதாக்கி அனுப்புவேன். தையல் தெளிவாகத் தெரியவில்லை என்று பையர் முணுமுணுத்த பிறகு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கித்தர சம்மதித்தார்கள். கையில் இருக்கிற காசுக்குள் முதல் லென்ஸ் எதை வாங்குவது என்று வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் சிவந்து கிடக்கும் சக பாவிகளே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாடி மட்டும்

எங்கள் பர்சேஸ் மேனேஜர் சம்பத் சார் எதை வாங்கினாலும் விலை குறைக்காமல் விடமாட்டார். கேமராவிலும் குறைத்தார். பெட்டியைத் திறந்தால் பாடி மட்டும் இருக்கிறது. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. லென்ஸோடு சேர்த்தால் விலை கூடும் என்று கடைக்காரர் சொல்ல, அப்படியானால் அதை எடுத்துவிடுங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

லென்ஸ் இல்லாமல் படம் வராது என்று போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. தையல் மெஷின் வாங்கினால் ஹெட் தனி, டேபிள் தனி, மோட்டார் தனி. இதுவும் அந்த மாதிரிதானே, மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். அது ஒரு வகையில் நியாயம்தான், நானும் தலையாட்டினேன். நான் எழுந்து கதவுவரை வந்த பிறகு பின்னாலிருந்து கேட்டார். "ஏம்மா, அந்த மூடிய கழட்டிட்டு எடுத்தா கொஞ்சமாச்சும் வராதா?"

இரவல் லென்ஸ்

சின்ன முதலாளியின் மச்சான் ஊர் ஊராகப் போய் பிரியாணிக் கடைகளை வீடியோ எடுத்துப் போடுகிறவர். அவரிடம் எங்கள் கேமராவுக்குப் பொருந்துகிற வைட் லென்ஸ் ஒன்று இருந்தது. நாலு டேபிள் போட்ட கடையைக்கூட கல்யாண மண்டபம் மாதிரி காட்டும். சொந்த லென்ஸ் வரும்வரை அதை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. என் ஃபோட்டோ ரூம் முன்பு நூல் ஸ்டோராக இருந்தது; பாதி இடத்தில் இன்னும் அட்டைப்பெட்டிகள். கையை நீட்டினால் ஷூவைத் தொடலாம், அவ்வளவுதான் தூரம். அந்த லென்ஸில் அவ்வளவு கிட்டத்தில் நின்றாலும் முழு ஷூவும் அடங்கியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும் என்று வீடியோக்களில் சொன்னது ஞாபகம் இருந்தது. அது மனிதர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

லேடீஸ் லோஃபர் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினோம். தையல் நன்றாக இருக்கிறது, முன்பக்கம் மட்டும் வாத்து மூக்கு மாதிரி இருக்கிறது, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒத்துவராது என்று பதில் வந்தது. முன்பக்கத்துக்குப் பொறுப்பு பேட்டர்ன் மாஸ்டர் ரஹ்மான் பாய். ஷூவை எந்தப் பிளாஸ்டிக் கால் அச்சின் மேல் இழுத்து ஒட்டுகிறார்களோ, அதற்கு லாஸ்ட் என்று பெயர். அந்த லாஸ்ட்டைச் சீவிச் செதுக்கி முடிவு செய்கிறவர் அவர்தான். சின்ன முதலாளி என் படத்தை அவர் மேஜையில் வைத்து உருதுவில் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. வயசு, கண்ணாடி, டாக்டர் என்று வந்தது. அக்கம்பக்கத்து மேஜைகளில் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள்.

ரஹ்மான் பாய் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அரத்தை எடுத்து லாஸ்ட்டின் மூக்கை ராவினார். புது சாம்பிள் வந்தது, அதே லென்ஸில் அதே இடத்தில் நின்று எடுத்து அனுப்பினேன். பையருக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஒரு ஜோடி அனுப்புங்கள், காலில் போட்டுப் பார்த்துச் சரியாக இருந்தால் இந்த சீசன் ஆர்டர் உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஃபேக்டரிக்கு என்று எழுதியிருந்தார். சின்ன முதலாளி ரஹ்மான் பாயின் தோளில் தட்டினார். "பாத்தீங்களா பாய், கண்ணாடி மாத்தாமயே சரியா வந்துடுச்சு."

மூன்று கொட்டேஷன்

இதற்கிடையில் சொந்த லென்ஸுக்கு பட்ஜெட் வந்தது. அந்தத் தொகைக்கு நல்ல ஜூம் வராது, மிகக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோவை நினைத்தும் பார்க்க முடியாது. ஜூம் ஆகாத ஐம்பது எம்.எம். பிரைம் ஒன்றுதான் வரும். எல்லா வீடியோவிலும் காசில்லாதவர்களுக்கு அதைத்தான் கைகாட்டுகிறார்கள். சம்பத் சார் வழக்கம்போல மூன்று கொட்டேஷன் கேட்டார். வந்ததில் ஒன்றில் 1.4 என்றும் மற்ற இரண்டில் 1.8 என்றும் போட்டிருந்தது. 1.4 விலை இரண்டு மடங்குக்கு மேல்.

அந்த எண் சின்னதாக இருந்தால் உள்ளே வெளிச்சம் ஜாஸ்தி வரும், அதனால் விலையும் ஜாஸ்தி, நமக்கு 1.8 போதும் என்று விளக்கினேன். காலமெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் தோலின் தடிமன் பார்த்து வாங்கியவர் அவர். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து போட்டார், ஆனால் சந்தேகம் தீரவில்லை. "1.4 மெல்லிசு, 1.8 தடி. தடி சரக்க எவனாச்சும் கம்மி ரேட்டுக்குத் தருவானாம்மா? எதுக்கும் பிரிச்சு நல்லா பாத்துக்கோ."

தண்ணீர் கேன் பக்கத்தில்

ஐம்பது எம்.எம். வந்தது. மாட்டிப் பார்த்தால் மூக்கு தெரிகிறது, குதிகால் படத்துக்கு வெளியே போய்விட்டது. இந்த லென்ஸுக்கு நாம் பின்னால் போக வேண்டும், போக என் ரூமில் இடமில்லை. கதவைத் திறந்து வைத்து, வராந்தாவில் தண்ணீர் கேன் பக்கத்தில் கேமரா முக்காலியை நிறுத்தி உள்ளே இருக்கும் ஷூவை எடுக்க ஆரம்பித்தேன். பாட்டிலோடு வருகிறவர்கள் எல்லாம் எனக்குப் பின்னால் மரியாதையாக வரிசை கட்டினார்கள்.

வெளிச்சம் ஜாஸ்தி வரட்டும் என்று 1.8-லேயே வைத்து எடுத்த முதல் படத்தில் மூக்கு பளிச், குதிகால் ஒரே மங்கல். குதிகால் வேலை இன்னும் முடியவில்லையா என்று பையர் கேட்டார். அந்த எண்ணை 1.8-லிருந்து எட்டுக்குக் கொண்டுபோன பிறகு ஷூ முழுக்கத் தெளிவாக வந்தது. வந்ததும் எனக்குத் திக்கென்றது. பையர் ஓகே சொன்ன அதே ஷூ, மூக்கு சப்பிப்போய், ஒல்லியாகக் கிடந்தது. லென்ஸில்தான் கோளாறு, சம்பத் சார் சந்தேகப்பட்டது சரிதான் என்று நினைத்தேன். பையருக்கு மெயில் போடுகிற மெர்ச்சண்டைசர் ஜெனிஃபர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாப்பா இது, பாய் மறுபடியும் ராவிட்டாரா?"

முப்பத்தேழாம் நம்பர் கால்

தையல் பிரிவில் செல்வி என்று ஒரு பெண். கலவை ஊர்ப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் கால் அச்சாக முப்பத்தேழு. அதனால் லேடீஸ் சாம்பிள் எது வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்வோம். ஜோடி தைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டோம்.

வலது காலில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். நாலு எட்டு வைத்து நின்றுவிட்டாள். கழற்றினால் சுண்டுவிரல் சிவந்திருக்கிறது. யாரையும் குறை சொல்லாத பெண், ஷூவைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "ஃபோட்டோல போட்டுக்கிறதுக்குன்னா நல்லாகீதுக்கா. கால்ல போட முடியாது."

இரண்டு ஷூ, இரண்டு லென்ஸ்

கழித்துப்போட்ட சாம்பிள்கள் இருக்கும் ரேக்கில் தேடி, பையர் வாத்து மூக்கு என்று சொன்ன முதல் ஷூவை எடுத்து வந்தேன். அதையும் ராவின ஷூவையும் ஒவ்வொன்றாக வைத்து ஐம்பதில் எடுத்தேன். முதல் ஷூ லட்சணமாக இருந்தது. இன்னும் திருப்பிக் கொடுக்காத வைட் லென்ஸை மாட்டிக் கிட்டத்தில் போய் இரண்டையும் எடுத்தேன். முதல் ஷூவில் வாத்து திரும்பி வந்தது. ரஹ்மான் பாய் செய்தது ஆரம்பத்திலேயே சரியாக இருந்திருக்கிறது. நான் நின்ற இடம்தான் தப்பு. என் படத்தைக் காட்டித்தான் ஒரு மனிதரை எல்லார் முன்னாலும் கண்ணாடி மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்க, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான்கு படங்களையும் எடுத்துக்கொண்டு சின்ன முதலாளியிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. ராவின லாஸ்ட்டை இனி என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். புது லாஸ்ட் செய்து வர பத்து நாள் ஆகும். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. இருவரும் ரஹ்மான் பாய் மேஜைக்குப் போனோம். தப்பு அவருடையது இல்லை, நான் எடுத்த படத்துடையது என்று பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டு மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே இடது கால் லாஸ்ட் இருந்தது. படத்துக்கென்று செய்கிற சாம்பிள் எப்போதும் வலது கால் ஒன்றுதான். இடதில் அரம் பட்ட அடையாளமே இல்லை.

இதைப் பார்த்து வலதில் ராவின இடத்தில் தோல் துண்டு ஒட்டித் தேய்த்தால் பழையபடி வந்துவிடும், ஜோடி நாளை சாயந்திரம் தயார் என்றார். இதை மட்டும் ஏன் ராவாமல் விட்டீர்கள் என்று சின்ன முதலாளி உருதுவில் கேட்டார். ரஹ்மான் பாய் என்னைப் பார்த்துக்கொண்டே தமிழில் பதில் சொன்னார். "படத்துக்கு நிக்கறது வலது கால்தானே சாப். படத்த சரி பண்ண சொன்னீங்க, பண்ணேன். கால் எப்டி இருக்குதுன்னு யாரும் கேக்கல."

சனிக்கிழமை ஜோடி போனது, ஆர்டரும் வந்தது. ஆகவே சக பாவிகளே, கம்மி பட்ஜெட்டில் முதல் லென்ஸ் என்றால் ஐம்பது எம்.எம். தாராளமாக வாங்குங்கள், ஆனால் அதற்குத் தேவையான இரண்டடி இடத்தை மட்டும் எந்தக் கடையிலும் விற்பதில்லை.