வேலாயுதம் அண்ணாச்சி பிடித்த சுருதி

செவ்வாய்க்கிழமை மாலை நான் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் எங்கள் கிடார் ஆசிரியை ஸ்டெல்லா மிஸ். அம்மா, "எப்போ மிஸ்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். யாரோ போய்விட்டார்கள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வேலாயுதம் அண்ணாச்சியாக இருக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. மதியம் கடையில் இருந்தபோது நெஞ்சுவலி வந்ததாம்.

அவர் தி.நகரில் ரெடிமேட் துணிக்கடை நடத்தியவர். தென்காசிப் பக்கத்துக்காரர், வீடு கே.கே. நகரில். மயிலாப்பூரில் ஸ்டெல்லா மிஸ் வீட்டு மாடியில் சனிக்கிழமை காலை நடக்கும் கிடார் வகுப்பில் நானும் அவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, அவருக்கு ஐம்பதுக்கு மேல்.

"பேரனைச் சேர்க்க வந்திருக்கீங்களா சார்?" என்று மிஸ் கேட்டார்.

"பேரன் இன்னும் பொறக்கல மிஸ். நான்தான் வந்திருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

ஏன் வந்தார் என்பதைச் சில வாரங்கள் கழித்துத்தான் சொன்னார். அவருடைய மனைவி செண்பகம் ஆன்ட்டி அருமையாகப் பாடுவார், ஆனால் சமையலறையில் மட்டும். "யாராவது எட்டிப் பார்த்தாப் போதும், வாய மூடிக்கிடுவா. ஒரு பாட்டுக்காவது அவகூட நான் வாசிக்கணும்" என்றார். முன்கூட்டியே தெரிந்தால் ஆன்ட்டி பாடவே மாட்டார் என்பதால், பீச்சுக்கு வாக்கிங் போவதாக அண்ணாச்சி வீட்டில் சொல்லியிருந்தார்.

"நேத்து மாட்டிக்கிட்டேன்" என்றார் ஒரு நாள். "வாக்கிங் போற ஆளுக்கு விரல்நுனி ஏன் காய்ச்சிருக்குன்னு கேட்டா. மீன்காரங்களுக்கு வலை இழுத்துக் குடுத்தேன்னு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாங்களா அண்ணாச்சி?"

"அப்போ மீன் எங்கன்னு அவ கேக்கா."

ஒரே ஒரு பழைய பாட்டுக்கு மூன்று மாதம் பழகினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடாரை வீட்டுக்கு ஒளித்துக் கொண்டுபோய், ஆன்ட்டி பாடத் தொடங்கியதும் கூடத்திலிருந்து மெதுவாக வாசித்தார். ஆன்ட்டி ஒரு சுருதியில் பாட, இவர் பழகிய சுருதியில் இவர் போக, "கீழ் வீட்டுல யாரு தகரத்தத் தட்டுதாங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்ததாம். கிடார் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அடுத்த வகுப்பில் அவர் முகமே சரியில்லை. "விட்டுருவோம் மிஸ். அவ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எடத்துல ஆரம்பிக்கா. அவகிட்ட கேக்கவும் முடியாது."

"கேக்கவே வேணாம். பாட்டு எங்க போய் நிம்மதியா உட்காருதுன்னு பாருங்க. அதுதான் வீடு. வீடு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா தெரியும்" என்றார் மிஸ். அன்றுதான் பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் ‘கார்டு’களை சி, ஜி என்று எழுத்தால் அழைப்பதை நிறுத்தி எண்களால் அழைக்கச் சொல்லிக்கொடுத்தார். வீடு ஒன்று. அதிலிருந்து எண்ணினால் நான்காவது, ஐந்தாவது. சுருதி எங்கே போனாலும் இந்த இடைவெளிகள் மாறாது.

அண்ணாச்சி தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ முப்பத்தெட்டு சைஸ் சட்டையும் நாப்பத்திரண்டு சைஸ் சட்டையும் மாதிரி. வெட்டு ஒண்ணுதான், அளவுதான் வேற." சொல்லிவிட்டு அவரே கைதட்டிக்கொண்டார். இசைக் கோட்பாட்டை அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் வரவேற்று நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு சுருதிகளின் அட்டவணையும் எனக்கு மனப்பாடம். ஆனால் அதைக் காதால் கேட்கத் தெரியாது. வகுப்பு முடிந்ததும் தெருமுனை டீக்கடை ரேடியோவுக்குக் கீழே நின்று இருவரும் பயிற்சி செய்வோம். "பாப்பா, இப்போ பாட்டு வீட்டுல இருக்கா, வெளிய போயிட்டா?" என்பார். பாதி நாள் இருவருமே தப்பாகச் சொல்வோம். டீக்கடைக்காரர், "இன்னா நைனா, பாட்டு வூட்டுக்கு வந்துச்சா?" என்று எங்களைக் கலாய்ப்பார். எப்போது சரியாகக் கேட்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் யாரோ கைப்பேசியில் ஒரு பாட்டு வைத்தார். ஐந்திலிருந்து ஒன்றுக்கு அது திரும்பியபோது, இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததுபோல என் உடம்பே எழப் பார்த்தது.

பொங்கல் விடுமுறையில் அம்மாவையும் என்னையும் வீட்டுக்கு அழைத்தார். "உன் கிடாரக் கொண்டா பாப்பா, சந்தேகம் வராது." ஆன்ட்டி எங்களை உட்காரவைத்துவிட்டு, கேசரி கிண்ட உள்ளே போனார். "பத்து நிமிஷம் சும்மா இருங்க, ஆளு இருக்குன்னே மறந்துருவா" என்று அண்ணாச்சி கிசுகிசுத்தார். நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் அமர்ந்திருந்தோம்.

ரவை வறுபடும் வாசனையோடு பாட்டு வந்தது. அண்ணாச்சி என் கிடாரை மடியில் வைத்துக் கண்ணை மூடினார். முதல் வரி முடியும் இடத்தைத் தொண்டைக்குள் முனகிப் பார்த்தார். சுருதியை ஏற்றித்தரும் கேப்போ என்ற கவ்வியைக் கிடார்க் கழுத்தில் மூன்றாவது உலோகப் பட்டையருகே மாட்டினார். இரண்டாவது வரிக்கு வாசித்தார். பொருந்தியது.

பாட்டு நின்றது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் கை கம்பிகளின் மேலேயே நின்றுவிட்டது.

"வாக்கிங்ல இதெல்லாமா சொல்லித் தாராங்க?" என்று உள்ளிருந்து ஆன்ட்டி கேட்டார்.

"ஆமா" என்றார் அண்ணாச்சி.

"அப்போ மீதியையும் வாசிங்க."

ஆன்ட்டி வெளியே வரவில்லை. ஆனால் சரணம் முழுவதையும் பாடினார். அண்ணாச்சி வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனுடையது.

அண்ணாச்சி போன மறுநாள், புதன்கிழமை, அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கப்புறம் தெனமும் காலைல சமையக்கட்டு வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்துருவாரு. நான் வேணும்னே வேற வேற எடத்துல ஆரம்பிப்பேன். எப்படியும் புடிச்சிருவாரு. ஒரு நாள் பாதி வரியில எடத்த மாத்தினேன் பாரு, மனுசன் தடுமாறிட்டாரு. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல தோசை கருகிப்போச்சு."

சொல்லும்போது ஆன்ட்டி சிரித்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

தோசை கருகிய அந்தக் காலையிலேயே உங்களை விட்டுச் செல்கிறேன் அண்ணாச்சி, மடியில் கிடாரோடும் சமையலறை நிறையப் புகையோடும்.