எல்லாக் காலத்துக்கும் ஓர் அறை

தவம் அண்ணை போய்விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பொங்கலுக்குக் கரும்பு வாங்க, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவுக்குப் போனபோது, அவர் வேலை செய்த மரக்கறிக் கடையின் கண்ணாடியில் அவருடைய முகம் ஒட்டியிருந்தது. வெங்காய விலைக்குப் பக்கத்தில். "கார் து நோர் ஸ்டேசனிலை ரயிலுக்கு நிண்டவர். நெஞ்சு நோ" என்றான் காசாளன். கரும்பு வாங்காமலே திரும்பினேன்.

கடைக்கு வந்துபோன உங்களுக்கு அவர் வாழைக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்ற மனிதர். எனக்கு அவர் ஒரு கூரை. குளிரும் வெக்கையும் புகாமல் வீடுகளுக்குக் காப்புப் போடுவது என் தொழில். ஒருமுறை, வில்லியே லே பெல் என்ற புறநகரில் இருந்த தன் வீட்டுக் கராஜின் மேல்தட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். ஓடுகளுக்கு அடியில் அரிசிச் சாக்குகளையும் பழைய கம்பளிகளையும் செருகி வைத்திருந்தார்.

"இது காப்பில்லை அண்ணை, எலிக்கு வீடு."

"எலி ஒண்டும் குறை சொல்லேல்லை" என்றார்.

குளிருக்கா வெயிலுக்கா என்று கேட்டேன். இரண்டுக்கும் என்றார். இரண்டுக்கும் என்றால் கண்ணாடிப் பஞ்சு போதாது. மரநார்ப் பலகை வேண்டும். தடிப்பும் கூட, செலவும் கூட. கீழே கராஜ் குளிர்ந்து கிடப்பதால் தரைக்கும் போட வேண்டும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் யாருக்கு இந்த அறை?

"தம்பிக்கு."

அவருடைய தம்பி ரூபனைப் பற்றி, ஊரில் சண்டை முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன்: "வராத ஆளுக்கு ஏன் இவ்வளவு செலவு?"

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவருடைய மனைவி மலர் அக்கா. ஏணி ஒருமுறை ஆடியது.

"நீ கூரைக்கு அளவு எடு" என்றார் அண்ணை. "ஆளுக்கு நான் எடுக்கிறன். எந்தக் காலத்திலை வருவான் எண்டு தெரியாதெல்லோ. ஆவணியிலை வந்தால் அவியக்கூடாது. தையிலை வந்தால் விறைக்கக்கூடாது."

அடுத்த சிக்கல் உயரம். நடுத்தூணில் முதுகைச் சாய்த்து நின்றார். தன் தலைக்கு மேல் நாலு விரல் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ரூபன் அவ்வளவு உயரமாம். உட்பக்கம் பலகை அடித்தால் கூரை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். கொஞ்சம் குனிந்து நடக்கலாமே என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்தவன் என்ர வீட்டிலை குனியிறதோ?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"நான் ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை. அவனுக்குப் பதினாறு."

"அப்ப உங்கட அளவு பிழை. பதினாறுக்குப் பிறகும் ஆள் வளரும்."

அளவில் இருந்த பிழையைத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். புண்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். அந்த முகம் அப்படி இல்லை. வாசலில் யாரோ வந்து நிற்பதைக் கண்ட முகம். திரும்பி, கோட்டுக்கு மேலே இரண்டு விரலை வைத்து இன்னொரு கோடு போட்டார்.

"ஓம்" என்றார். "வளந்திருப்பான்."

உள்ளே இடமில்லை என்றால் வெளியேதான். நகரசபையான மேரியில் அனுமதிக்குப் பேப்பர் போட்டு, ஓடுகளை எல்லாம் இறக்கி, கூரைச் சட்டங்களுக்கு மேலே பலகை அடித்தோம். நான் வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்ட வேலை. வசந்தகாலத்து ஒரு காலை முழுவதும் அந்த அறைக்குக் கூரையே இல்லை. அண்ணை வெறும் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். சட்டங்களுக்கிடையே நீலம். ருவாசி விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள், வயிறு தெரியும் அளவுக்குத் தாழ, ஒவ்வொன்றாக, மீன்களைப் போல அவருக்கு மேலே நீந்திப் போயின. எழும்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன். அன்று ஒரு பலகைகூட அடிக்கவில்லை.

வேலை முடிந்தபின் ஒருநாள் கடையில் சொன்னார்: "பிளேன் சத்தம் இப்ப கேக்குதில்லை தம்பி."

"மரநார் சத்தத்தையும் குடிக்கும்."

"நல்லது. கேட்டால் எண்ணிக்கொண்டிருப்பன்."

செத்தவீடு முடிந்த மறுவாரம் மேலே ஏறினேன். கராஜில் மூச்சு புகையாக வந்தது. கதவைத் திறந்தால், சின்ன ஹீட்டர் மிகக் குறைந்த சூட்டில் இருந்தும், அறை யாரோ இப்போதுதான் எழுந்து போன போர்வையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. சாளரத்தின் மேல் பனி. உள்ளே பால்போல வெளிச்சம். கட்டில் விரித்திருந்தது.

"ஞாயிறு ஞாயிறு விரிப்பு மாத்துவார்" என்றார் பின்னால் வந்த மலர் அக்கா. "போன ஞாயிறு நான் மாத்தினன்."

தூணுக்கு வார்னிஷ் அடிக்கும்போது அந்தக் கோடுகளை மட்டும் விட்டிருந்தேன். அடியில் போய் நிமிர்ந்து நின்று பார்த்தேன். தலைக்கு மேலே காற்று நிறைய இருந்தது.

யார் கூப்பிட்டாலும் அறை யாருக்கு என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன். பதிலைக் கேட்டபின் வாயை மூடிக்கொள்கிறேன். வராத ஆள் என்று சொன்னவன் நான். தவம் அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள அந்த இரண்டு விரல் இடம். என் பிழைதிருத்தம் என்று நான் நினைத்த இடத்தில், அவருடைய தம்பி வளர்ந்துகொண்டிருந்தான்.