பொறுப்பு இயக்குநர்

பல்கலைக்கழக இசைக்குழுவின் இயக்குநர் நெஞ்சு வலியில் படுத்தபோது பட்டமளிப்பு விழாவுக்கு ஆறே நாள்தான் இருந்தது. இரண்டாம் வரிசையில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த அவளைப் பதிவாளர் கூப்பிட்டு, "ஒரு மாசம் சமாளிங்கம்மா, ஆள் போட்டுடுவோம்" என்றார்.

அந்த ஒரு மாதம் பதினொரு வருஷம் இழுத்தது.

அதற்கு முன் அந்தப் பதவியில் ஒரு பெண் இருந்ததில்லை. டிரம்பெட்காரர்கள் முதல் வருஷம் முழுக்க அவள் கையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தே வாசித்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. தாளம் தப்பிய இடத்தில் நிறுத்தி, "மறுபடியும்" என்பாள். ஒரே நாளில் பதினேழு தடவை அதைக் கேட்டபின் பார்வை தானாகக் கீழே இறங்கியது.

இசைக்குறிப்புத் தாள் நகலெடுப்பதிலிருந்து ஒழுகும் ஒத்திகை அறையில் வாளி வைப்பது வரை எல்லாம் அவள் தலையில். பதவிப் பெயருக்கு முன்னால் 'பொறுப்பு' என்ற சொல் மட்டும் நகரவே இல்லை. கேட்டால், கோப்பு மேலே போயிருக்கிறது என்பார்கள்.

"உனக்கு மாப்பிள்ளை பார்த்தப்பவும் இதே கததான்க்கா. பார்க்கிறோம் பார்க்கிறோம்னே காலத்த ஓட்டினாங்க" என்பாள், கூட இருந்த தங்கை. சிரிக்கக்கூட அக்காவுக்குத் தெம்பிருக்காது.

பதினோராவது வருஷ விழாவில், வந்திருந்த விருந்தினர் அவளைத் தாண்டிப் போய், மூத்த டிரம்பெட்காரரின் கையைக் குலுக்கினார். "அருமையா நடத்தினீங்க சார்!"

அவர் கையை விடுவித்துக்கொண்டார். "நடத்தினது அவங்க. நாங்க அவங்க சொன்னத வாசிச்சோம், அவ்வளவுதான்."

பக்கத்தில் மைக் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. துணைவேந்தருக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்றாவது வாரம் நியமன உத்தரவு வந்தது.

"சந்தோஷமா இல்லையாக்கா?" என்றாள் தங்கை.

"இருக்குடி. பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தா குதிச்சிருப்பேன். இப்ப கால் வலிக்குது."

ஓய்வு பெற நான்கு வருஷமே மிச்சம். முதல் வேலையாக, 'பொறுப்பு' இருந்தவரை மாற்ற அதிகாரம் இல்லாத மாலை ஏழு மணி ஒத்திகையை மதியத்துக்கு மாற்றினாள். நேரமாகிவிடும் என்று வீட்டில் விடாததால் ஒதுங்கியிருந்த பெண்கள் ஒன்பது பேர் அந்த மாதமே சேர்ந்தார்கள். ஒருத்திக்கும் தாளம் எண்ணத் தெரியவில்லை.

அவள் பெருமூச்சு விட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்தாள்.