எல்லா விடையிலும் கொஞ்சம் துணி

இன்று நான் யாரிடம் மாட்டினேன் தெரியுமா? எங்கள் தெருமுனையில் துணி திருத்தித் தைக்கிற அக்காவிடம். போன வருடம் வாங்கிய பேண்ட் என்னோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டதால், இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லப் போனேன். தையல் மெஷின் மேல் துணியைக் காணோம், முழுக்க விடைத்தாள்கள். அக்கா ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க தம்பி. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள திருத்தி அனுப்பலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க."

பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை அக்கா தபால் வழியில் முடிக்கிறார். கணக்கு மட்டும்தான் பாக்கி. அதில் தேறினால் ஆடை வடிவமைப்பு வகுப்பில் சேரலாம். ஆனால் நுண்கணிதத்தில் இரண்டாம் புத்தகம் முதலில் வந்து சேர்ந்துவிட்டது. வகையிடலுக்கு முன்பே தொகையிடலைப் படித்துவிட்டார். தொகையிடலில் விடையின் கடைசியில் 'கூட்டல் சி' என்று ஒரு மாறிலி போட வேண்டும். வகையிடலில் கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் போட்டு வைத்திருந்தார்.

"ஏன்க்கா இப்படி?"

"தைக்கும்போது உள்ள கொஞ்சம் துணி விடுவோம்ல, பின்னாடி பிரிக்க உதவும்னு. இதுவும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். என் புத்தி போற போக்கைப் பாருங்க."

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் கணவர் நிமிராமலே சொன்னார்: "பட்டன் எண்ணச் சொன்னாலும் ஒண்ணு கூட்டித்தான் சொல்லுவா."

"நீங்க தொலைக்கிறதுக்கு அது சரியாப் போயிடும்."

பள்ளியில் நான் கணக்கில் தேறியது எப்படி என்று எனக்கே தெரியாது. இருந்தும் பெரிய மேதாவி மாதிரி இன்னொரு ரப்பரை எடுத்துக் கடைசித் தாள்களில் இருந்த 'சி'க்களை அழித்துக் கொடுத்தேன். அக்கா படம் பிடித்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஆசிரியரே போனில் வந்தார்.

"எல்லாம் சரிம்மா. கடைசிக் கணக்கு தொகையிடலாச்சே. அதுல சி எங்க?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"வேகத்துல அதையும் சேர்த்து அழிச்சுட்டேன் சார்."

"அங்க வேணும்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். நான் முதல்ல கத்துக்கிட்டதே அதைத்தான்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "போட்டு அனுப்புங்க. ஹால் டிக்கெட் வந்துடும்."

என் தப்பை ஒரு வார்த்தை சொல்லாமல் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் ரப்பரை மெஷின் மேல் வைத்துவிட்டு நெளிந்தேன். பேண்ட் இறுக்கம் வேறு.

உங்களுக்கும் இடுப்பு பெருத்திருந்தால் அக்காவிடம் போங்கள், தெரிந்தவர்களுக்கும் இதை அனுப்புங்கள். பரீட்சை முடியும்வரை அவசரப்படுத்தாதீர்கள். முக்கியமாக, அங்கே ரப்பரைத் தொடாதீர்கள்.